மாதிரிச் சரக்கு

இதயத்தின் விலை எழுநூறு. ஏழு நாளைக்குள் அதையே மறுபடி கொண்டுவந்து காட்டினால் இலவசம்.

“ஒரு தடவை தொட்டுப் பார்க்க எழுநூறா?” என்றார் பூட்டுக்காரர். “ஐந்நூறுன்னு முடிக்கச் சொல்லு. ரொக்கமாத் தர்றேன்னு சொல்லு.”

“மச்சான், அது டாக்டர் ஃபீஸ். அங்க பேரம் கிடையாது.”

“பேரம் இல்லாத இடத்துல மோசடி இருக்கும்.”

கடையின் பின்பக்கம், கூரை வரை பூட்டுப் பெட்டிகள் அடுக்கிய இடுக்கில் மூன்று பேர் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். பூட்டு மொத்த வியாபாரி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மருந்துக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிய மைத்துனன் அவர் எதிரில் குந்தியிருந்தான். அவனுடைய அக்கா, அதாவது பூட்டுக்காரரின் மனைவி, மதியச் சாப்பாட்டு அடுக்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல இன்னொரு பெட்டி இல்லை. இருந்தது, அதன் மேல் பூட்டுக்காரரின் கால் இருந்தது.

இரண்டு வாரமாக அவருக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. இடது கையில் மூன்று விரல் மரத்துப் போனது. அன்று காலை ஒரு அடுக்கின் மேல் சாய்ந்து, பன்னிரண்டு டஜன் பூட்டுகளைத் தரையில் கொட்டியிருந்தார். எதிர்க்கடைக் கீல்காரர் வாசலுக்கு வந்து, “என்னண்ணே சத்தம்?” என்று கேட்டபோது, “தரம் பார்த்தேன். எவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தாலும் திறக்காது” என்று சமாளித்திருந்தார்.

கதவில் கீல் ஒரு பக்கம், பூட்டு மறுபக்கம். தெருவிலும் அப்படித்தான். பூட்டு ஆலைக்காரர்கள் அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ஏஜென்சி தரப்போகிறார்கள்; மூன்று மாதத்தில் முடிவு. பூட்டுக்காரர் அதற்காகப் பத்து வருடமாக வாலாட்டியவர். கீல்காரர் பத்து நாளாகத்தான் ஆட்டுகிறார், ஆனால் அவருடைய வால் நீளம்.

வியாதி வெளியே தெரிந்தால் ஏஜென்சி போகும். அது மட்டுமா? போன வருடம் வாளி வியாபாரி ஒருவர் இதய டாக்டரின் மாடிப்படியில் இறங்கியதை யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் காலை பதினோரு கடன்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருவர் வலக்கையிலும் பழம், இடக்கையில் பில். பழம் ஒரு வாரத்துக்கு வந்தது. கடை நாலு நாளுக்குத்தான் வந்தது.

“முதல்ல தெருமுனைப் பொது டாக்டரைப் பாருங்க மச்சான்,” என்றான் மைத்துனன். “இருநூறுதான். அவர் பார்த்துட்டு, இதயமா, நரம்பா, காதான்னு கண்டுபிடிச்சு, எந்த ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணும்னு சீட்டு எழுதிக் கொடுப்பார்.”

“அவர் வைத்தியம் பண்ண மாட்டாரா?”

“சின்னதுன்னா பண்ணுவார். பெருசுன்னா அனுப்பிடுவார்.”

“அப்ப அவன் தரகன்!” பூட்டுக்காரரின் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. “நாப்பது வருஷத்துல தரகன்கிட்ட ஒரு சாவி வாங்கியிருக்கேனா? நேரா ஆலைக்குப் போறவன் நான். பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம். இதயத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.”

“போனா தெரு பார்க்குமே மச்சான்.”

பூட்டுக்காரர் யோசித்தார். யோசனை முடிந்ததும் மனைவியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் அவளை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“இவ போகட்டும். பொம்பளைக்கு உடம்பு சரியில்லன்னா சந்தையில வட்டி ஏறாது.”

“நான் போயி?”

“என் வியாதியை உன் வியாதி மாதிரி சொல்லு. சீட்டை வாங்கிட்டு வா. முழுங்கறது நான்.”

“டெஸ்ட் எழுதுவாங்க மச்சான். அக்கா உடம்புலேர்ந்து ரத்தம் எடுத்தா உங்க வியாதி அதுல எப்படித் தெரியும்?”

பூட்டுக்காரர் சிரித்தார். “நான் நூறு பெட்டி வாங்கறேன். நூத்தையும் பிரிக்கிறேனா? ஒரு பூட்டைத் திறந்து பார்க்கறேன். அதுதான் மாதிரி. முப்பத்தொரு வருஷமா ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே தண்ணி, ஒரே கூரை. ரத்தம் மட்டும் வேற சரக்காவா இருக்கும்? அதோட டெஸ்டெல்லாம் கமிஷனுக்குடா. உனக்குத் தெரியாததா?”

மாதிரி மருந்து கொடுத்தே பிழைப்பவனுக்கு மாதிரியை எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

“சொல்லிக் காட்டு பார்ப்போம்,” என்றார் மனைவியிடம்.

அவள் அடுக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். “எந்திரிச்சா தலை சுத்துது. விரல் மரத்துப் போகுது. மாடி ஏறினா மூச்சு வாங்குது.”

“மூச்சு வாங்குதுன்னு நான் சொல்லவே இல்லையே?”

“சொன்னீங்கன்னு நினைச்சேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். ஒண்ணு கூடச் சொன்னாத்தான் ஒழுங்காப் பார்ப்பான்.”

பெரிய ஆஸ்பத்திரி ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஒரு உறுப்பு. எதிரே ஒரு டீக்கடை. அங்கே செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி பூட்டுக்காரர் நாலு டீ குடித்தார். தாள் முந்தாநாளுடையது. தலைகீழாகவும் இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மனைவி வெளியே வந்தாள். வாசற்படியில் கொஞ்சம் நின்று, கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். கண் சிவந்திருந்தது.

“எதுக்கு அழுதே?”

“அழல. டாக்டர் நல்ல மாதிரி. ‘உங்களுக்கு என்ன செய்யுதும்மா?’ன்னு கேட்டார்.”

“அது எல்லாரையும் கேக்கறதுதான். நீ என்ன சொன்னே?”

“சொன்னேன்.”

“ஒண்ணும் விடலையே?”

“விடல. எல்லாத்தையும் சொன்னேன்.”

“எழுநூறுக்கு எவ்வளவு நேரம் பார்த்தார்?”

“அரை மணி.”

பூட்டுக்காரர் மனதுக்குள் வகுத்துப் பார்த்து, நிமிடத்துக்கு இருபத்துமூன்று என்று வந்ததும் ஓரளவு சமாதானமானார். “முடிவு?”

“இதயத்துல ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். ரத்த டாக்டரைப் பார்க்கச் சொல்லிட்டார்.”

பின்பாதி அவர் காதில் விழவில்லை. இதயம் சுத்தம்! மறுநாள் அந்தத் தெம்பில், கூலிக்காரனை விலக்கிவிட்டு, ஒரு பெட்டிப் பூட்டைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு கிடங்கு ஏணியில் ஏறினார். ஆறாவது படியில் தலை சுற்றியது. பெட்டி முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். இடுப்பில் கை அகலத்துக்கு நீலம் பாய்ந்தது. தெருவுக்கு, “உடற்பயிற்சி ஆரம்பிச்சிருக்கேன்” என்று சொல்லி, வலியோடு இரண்டு நாள் வாசலில் குனிந்து நிமிர்ந்து காட்ட வேண்டியதாயிற்று.

“ரத்தத்துக்குத் தனி டாக்டரா?” என்று மைத்துனனைக் கேட்டார். “ரத்தம் உடம்பு முழுக்க இருக்கே?”

“ஆமா மச்சான்.”

“அப்ப இதய டாக்டர் சில்லறை. இவர்தான் மொத்த வியாபாரி. முதல்லயே இவர்கிட்ட அனுப்பியிருக்கலாமேடா!”

ரத்த டாக்டர் மூன்று குப்பி ரத்தம் எடுக்கச் சொன்னார். “மூணா?” என்று பூட்டுக்காரர் முகம் சுளித்தார். “மாதிரிக்கு ஒண்ணு போதாதா?” எடுத்தது மனைவியின் கையிலிருந்து, சுளித்தது இவர் முகம். இல்லறத்தில் பங்கு பிரிப்பது இப்படித்தான்.

செங்கல் நிறத்தில் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வந்தது. காலையும் மாலையும் சாப்பிட்ட பிறகு. பூட்டுக்காரர் ஒரு வேளை தவறவிடவில்லை. காசு கொடுத்து வாங்கியதை அவர் எப்போதும் முழுசாக அனுபவிப்பார். நாலாம் நாள் வயிறு பூட்டிக்கொண்டது. எட்டாம் நாள் திறந்தது. திறந்ததைப் பார்த்தவர் கழிப்பறையிலிருந்தே கத்தினார்.

“ஏய்! இங்க வா! வேண்டாம், வராதே! கறுப்பா இருக்கு!”

“என்னங்க கறுப்பா?”

“தார் மாதிரி! உள்ள எங்கேயோ ரத்தம் ஒழுகுது. ரத்த டாக்டர்கிட்ட போயி ரத்தம் ஒழுகுதுன்னு சொல்லு!”

அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். பிறகு, “அதைத்தாங்க அவரும் கேட்டார்,” என்றாள் அவள்.

“பார்த்தியா! மொத்த வியாபாரி மொத்த வியாபாரிதான். ஆளைப் பார்க்காமலே சொல்லிட்டான்.”

மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார்.

“மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறீங்களான்னு கோவமாக் கேட்டார்,” என்றாள் மனைவி.

“நீ என்ன சொன்னே?”

“ஒரு வேளைகூட விடலைன்னு சொன்னேன்.”

“சத்தியமான வார்த்தை!” என்று பூட்டுக்காரர் இரண்டு மாத்திரையை ஒன்றாக முழுங்கினார். அதற்குப் பிறகு அவர் வயிற்றுக்குள் போனது எதுவும் வெளியே வரத் தயாராக இல்லை. நல்ல பூட்டின் இலக்கணமே அதுதான் என்று அவர் வாடிக்கையாளர்களிடம் முன்பெல்லாம் சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை.

அடுத்த மாடி, குடல் டாக்டர். “உள்ள குழாய் விட்டுக் கேமராவுல பார்க்கணுமாம்,” என்றாள் மனைவி. ஒரு பை நிறையப் பொடி கொண்டுவந்திருந்தாள். அதை மூன்று லிட்டர் தண்ணீரில் கலக்கி, காலை ஆறு மணியிலிருந்து குடித்தால் குடல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மதியம் குழாய் விடுவார்கள்.

மறுநாள் விடியற்காலை அவள் பொடியைப் பாத்திரத்தில் கலக்கிக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் கையை நீட்டினார்.

“ஏங்க, இதை மட்டும் நான் குடிக்கணும்போல இருக்கே. குழாய் எனக்குத்தானே விடறாங்க?”

“ஒப்பந்தம் என்ன? டெஸ்ட் உனக்கு, மருந்து எனக்கு. இது டெஸ்டா, மருந்தா?”

“மருந்துக்கடையிலதான் வாங்கினேன்.”

“பின்ன என்ன?”

மூன்று லிட்டரையும் குடித்தார். ஒரு வாரமாக அடைபட்டுக் கிடந்தவருக்கு மருந்தென்றால் ஆசை. ஒன்பது மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

பத்து மணிக்குப் பூட்டு ஆலையின் அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். ஏஜென்சி கேட்டவர்களின் கடைகளை நேரில் பார்க்கிறாராம். பூட்டுக்காரர் கைகுலுக்கினார். குலுக்கியது கைகளை மட்டும் அல்ல.

“உங்க கிடங்கு எவ்வளவு கொள்ளும்?” என்று கேட்டார் அதிகாரி.

“எவ்வளவு வேணும்னாலும்…” என்ற பூட்டுக்காரர் வயிற்றைப் பிடித்தார். “ஒரு நிமிஷம். சரக்கு வந்திருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்.”

பின்னால் ஓடினார். திரும்பி வந்தார். அதிகாரி அடுத்த கேள்வியைத் தொடங்கினார். மறுபடி ஓடினார். ஏழாவது தடவை அவர் வரவில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. அது கீல்காரர் கடையில் சல்லிசாக வாங்கியது. அதிகாரியே வந்து, தன் ஆலையின் பூட்டு ஒன்றைச் சுத்தியலாகப் பிடித்துத் தட்டித் திறந்துவிட்டார்.

“உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“சேச்சே! எனக்கு இந்த வயசுல ஒரு மாத்திரைகூடக் கிடையாது சார். உங்களைப் பார்த்த சந்தோஷம்.”

மனிதர்கள் பல விதமாகச் சந்தோஷப்பட்டு அதிகாரி பார்த்திருக்கிறார். இதை அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில், துணி மாதிரித் துவண்டு கிடந்தவர் மனைவியைக் கேட்டார். “குழாய் விட்டாங்களா?”

“பாதியிலயே எடுத்துட்டாங்க. ஒண்ணும் தெரியலையாம். பொடியைக் குடிக்காம வந்து டாக்டர் நேரத்தை வீணாக்குறியான்னு கத்தினாங்க.”

“யாரை?”

“என்னைத்தான்.”

“நல்லவேளை,” என்றார் பூட்டுக்காரர். தன்னை யாராவது அப்படிக் கத்தியிருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்.”

“என் டாக்டர் சொன்னதா, நீயாச் சொல்றதா?”

“நானாத்தான்.”

“அப்ப நாளைக்குச் சொல்லு. எனக்கு இன்னிக்குக் காது வரைக்கும் காலியா இருக்கு.”

நாளைக்கு அவர் கேட்கவில்லை. நாளைக்கு மறுநாளும். ஏஜென்சி பற்றி ஆலையிலிருந்து கடிதம் வரவில்லை. அந்தக் கவலையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து அவளே ஒரு பெரிய உறையோடு வந்து நின்றாள்.

“ஸ்கேன் எடுத்தாங்க. கட்டியாம்.”

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்தது.

“எங்க?”

“வயித்துல. அடியில.”

அவர் சட்டைக்குள் கையை விட்டு அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். இருந்தது. ஒன்று இல்லை, மூன்று நான்கு இருந்தன. நான்கு நாளாக வெளியே வராதவை எல்லாம் அங்கே வரிசையாக நின்றன.

“அய்யோ! கைக்குத் தெரியுதே! இதுக்கு என்ன மாத்திரை?”

“மாத்திரையில போகாதாம். ஆபரேஷனாம். அதுக்குன்னு வேற டாக்டர். மயக்க டாக்டரும் பார்த்துட்டார்.”

“மயக்கம்னுதானே முதல்ல போனோம்? இப்ப மயக்கறதுக்கே ஒருத்தனா?” என்றவர், திடீரென்று நின்றார். வியாபார மூளை தாமதமாக வந்து சேர்ந்தது. “இரு. கட்டி எனக்கு. அறுக்கறது யாரை?”

அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ரத்தம்னா குப்பியில எடுத்துட்டுப் போவான். மாதிரிக்குச் சரி. மாதிரியை வெட்டினா சரக்கு எப்படிச் சரியாகும்? நாளைக்குப் போயி, கத்தி வேண்டாம், மாத்திரையாக் கொடுங்கன்னு கறாராச் சொல்லிட்டு வா.”

“ஏங்க, வேண்டாம்னு விட்டா ஆபத்தாம். ரொம்ப நாளா இருக்காம்.”

“யாருக்கு ஆபத்து? எனக்குத்தானே? நான் பார்த்துக்கறேன். உன் மேல கத்தி படக்கூடாது.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அடிவயிற்றில் ஐந்தாவது கட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறவள் கையில் துணிப்பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மதியம் கடையில் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் ஒரு பெண் குரல், நோயாளியின் கணவரா என்று கேட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன், நோயாளியைச் சேர்த்தாகிவிட்டது, வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது.

பூட்டுக்காரருக்கு ஒரு கணம் கடை முழுவதும் சுற்றியது. ‘வேண்டாம்னு சொல்லத் தெரியாதே அவளுக்கு!’ முப்பத்தொரு வருடத்தில் அவளிடமிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. துணிக்கடையில் கழித்த புடவை கொடுத்தாலும் கட்டிக்கொள்வாள். ஆறின சோறு வைத்தாலும் சாப்பிடுவாள். படு என்றால் படுத்துவிடுவாளே! இவருடைய கட்டிக்காக அவள் வயிற்றைக் கிழித்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் தைத்து அனுப்புவார்கள். தைத்தால் பரவாயில்லை. தைக்காமலே…

அவர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கல்லாவைப் பூட்டாமல் ஓடினார்.

ஆஸ்பத்திரிக்குள் அவர் நுழைவதும் அதுதான் முதல் தடவை. செய்தித்தாள் இல்லை, முகத்துக்குத் துணி இல்லை. கீழ்த்தளக் கூடத்தில் ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பில் போடும் இடத்தில், மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி மாட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்துங்க! ஆபரேஷனை நிறுத்துங்க!”

“வரிசையில வாங்க சார்.”

“ஒரு தப்பும் பண்ணாதவளை அறுக்கப் போறீங்கம்மா! பேஷண்ட் அவ இல்ல. நான்!”

கூடம் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையில், ஒரு முகம் மட்டும் அவசரமாகச் செய்தித்தாளுக்குப் பின்னால் போனது. தாள் கொஞ்சம் சிறிசு. மேலே தெரிந்த வழுக்கையை வைத்தே பூட்டுக்காரர் கண்டுகொண்டார். கீல்காரர். பக்கத்தில் அவருடைய மனைவி, மடியில் ஒரு கோப்போடு.

இப்போது நிறுத்தியிருக்கலாம். ‘சும்மா சொன்னேன்’ என்று சிரித்திருக்கலாம். ஏஜென்சி, சரக்குக்குக் கிடைக்கும் தொண்ணூறு நாள் கடன், தெருவில் நாற்பது வருடப் பெயர், எல்லாம் அந்தச் செய்தித்தாளுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூட்டுக்காரர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

“கேட்டுக்கட்டும்! எல்லாரும் கேட்டுக்கட்டும்! தலை சுத்தல் எனக்கு. கறுப்பாப் போனது எனக்கு. கட்டியும் எனக்குத்தான், இதோ கையை வச்சுப் பாருங்க! கடன்காரனுக்குப் பயந்து மூணு மாசமா என் வியாதியை அவ பேர்ல காட்டினேன். அவ வெறும் மாதிரிம்மா. சரக்கு நான்! இந்தக் கத்தியை என் மேல வைங்க. அவளை வீட்டுக்கு அனுப்புங்க.”

சொல்லி முடித்ததும் அவர் கண்ணில் நீர் நின்றது. யாரோ ஒரு பெண், “பொண்டாட்டி மேல எவ்வளவு பிரியம் பாரு” என்றாள். அது அவர் காதில் விழுந்தது. விழுந்தது நன்றாகவும் இருந்தது. ஏஜென்சி போனால் போகட்டும் என்று அந்த நிமிடத்தில் உண்மையாகவே நினைத்தார். முப்பத்தொரு வருடத்தில் அவளுக்காக அவர் பண்ணிய முதல் பெரிய செலவு அது.

பில் போடும் அம்மா எதற்கும் அசரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் அழுகையைச் சில்லறை மாதிரி தினமும் பார்ப்பவர்கள்.

“இப்ப நான் என்ன சார் செய்யணும்?”

“அவ கோப்புல இருக்கறதையெல்லாம் என் பேருக்கு மாத்துங்க. ஒண்ணு விடாம.”

அந்த அம்மா நோயாளியின் பேரைக் கேட்டுக் கோப்பை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே படித்தார்.

“முதல் நாள் சீட்டு: ரெண்டு வருஷமா மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகம், மாடி ஏறினா மூச்சு வாங்குது, வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. இதய டாக்டர் ஒரு தடவை. ரத்த டாக்டர் மூணு தடவை. குடல் டாக்டர் ரெண்டு, அதுல ஒண்ணு திருப்பி அனுப்பினது. ஸ்கேன் ஒண்ணு. மயக்க டாக்டர் ஒண்ணு. இதுக்கெல்லாம் அப்பப்பவே கட்டியாச்சு. இனி கட்ட வேண்டியது: ரத்தம் மூணு பை, ஒண்ணு ஏறி முடிஞ்சுது, ரெண்டாவது ஓடிட்டிருக்கு. நாளைக்குக் காலையில கட்டியோட சேர்த்துக் கர்ப்பப்பையை எடுக்கறது. மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அம்மா ஐம்பதும் நூறுமா எண்ணிக் கட்டின முன்பணம் முப்பதாயிரம். பாக்கி எண்பத்தெட்டாயிரம்.”

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாகப் பூட்டுக்காரரைப் பார்த்தார்.

“இதுல எதை சார் உங்க பேருக்கு மாத்தணும்?”